மியோங்னியாங் (2014): படத்தின் கடற்போரும் தளபதியின் நாட்குறிப்பும்

1. தெப்பக்காரன்

முன்னெச்சரிக்கை: இந்த இழையில் முழுக்கதையும் பேசப்படும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

கிம் ஹான் மின் இயக்கி 2014 ஜூலை 30 அன்று வெளியான கொரியப் படம் ‘மியோங்னியாங்’. சனிக்கிழமை இரவு மறுபடியும் பார்த்தேன். ஐந்து கோடிப் பேர் வாழும் நாட்டில் 1 கோடியே 76 லட்சம் டிக்கெட் விற்ற படம் இது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷியின் படை 1592-இல் கொரியாவுக்குள் இறங்குகிறது. 1597-இல் இரண்டாம் முறையாகப் பெரும்படை வருகிறது. அதற்குச் சற்று முன்புதான் அரசர் சொன்ஜோ, கட்டளையை மீறினார் என்று கடற்படைத் தளபதி யி சுன் சின்னைச் சிறையில் அடைத்து வதைத்து, சாதாரணச் சிப்பாயாக இறக்கியிருந்தார். அவர் இடத்துக்கு வந்த வொன் கியூன், சில்சோல்யாங் என்ற இடத்தில் ஏறக்குறைய மொத்தக் கடற்படையையும் இழந்து தானும் செத்தார். வேறு வழியில்லாமல் யி சுன் சின்னையே மறுபடி அழைத்தார்கள். மிச்சம் இருந்தவை 12 கப்பல்கள். பின்னால் இன்னொன்று சேர்ந்து 13.

எனக்கு இரண்டு கேள்விகள். படம் சொல்லும் 330 எதிரிக் கப்பல்கள் உண்மையா? இரண்டாவது, எல்லோரும் புகழும் இரண்டாம் பாதிச் சண்டையைவிட அந்த முதல் ஒரு மணி நேரம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஓடிப்போக நினைக்கும் வீரர்கள், வாயைத் திறக்காத தளபதி. இப்படி நினைப்பவன் நான் ஒருவன்தானா?

2. கடைசிவரிசை

நீங்கள் ஒருவர்தான். முதல் ஒரு மணி நேரத்தில் நான் இரண்டு முறை தேநீர் போட்டுக் குடித்துவிட்டேன்.

அதன்பின் ஏறத்தாழ 61 நிமிடம் கடலிலேயே நிற்கிறார்கள். ஒரே போர், ஒரே நீரிணை, ஒரு மணி நேரத்துக்கு மேல். கண்ணைக் கட்டிக் கடலில் விட்டதுபோல் இல்லாமல், எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்ப்பவனுக்குப் புரிகிறது. அதைச் செய்து காட்டிய இயக்குநரிடம் போய் எண்ணிக்கைக் கணக்குக் கேட்கிறீர்கள்.

3. பழையஏடு

கணக்குக் கேட்பதில் தப்பில்லை, ஏனென்றால் கணக்கு எழுதி வைத்தவர் தளபதியே. போர்க்காலம் முழுவதும் யி சுன் சின் நாட்குறிப்பு எழுதினார். ‘நான்ஜுங் இல்கி’ என்று பெயர். 2013-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்ந்தது. 1597-ஆம் ஆண்டுக்கு மட்டும் ஒரே காலத்துக்கு இரண்டு பிரதிகள் இருக்கின்றன. எழுதியதையே திருப்பி விரிவாக எழுதியிருக்கிறார். போர் நாள் அன்று அவர் குறித்த எண்ணிக்கை 133. அழித்தவை 31 என்கிறார். 330 என்ற எண் வேறு பழைய பதிவுகளிலிருந்து வருகிறது; சுவரொட்டிக்கு அது வசதியாக இருந்திருக்கும். 13-க்கு 133 என்றாலே பத்துக்கு ஒன்று. அதற்கு மேல் ஏற்றிச் சொல்ல என்ன அவசியம் என்று எனக்குத் தெரியவில்லை.

தெப்பக்காரன் கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உங்கள் பக்கம் நாட்குறிப்பு இருக்கிறது. போர் நாளுக்கு முன்னால் வரும் வாரங்கள்தான் அதில் கனமானவை. பதவி திரும்பக் கிடைத்தது சந்திரக் கணக்கில் எட்டாம் மாதம் 3-ஆம் நாள். போர் ஒன்பதாம் மாதம் 16. இடையில் ஆறே வாரம். அந்த நாட்களில் மனிதர் ஊர் ஊராகக் குதிரையில் போய் ஆள், அம்பு, அரிசி திரட்டுகிறார். நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுகிறார். குளிர் தாக்கியதோ என்று எண்ணிச் சோஜு என்ற சாராயத்தைக் குடித்துப் பார்க்கிறார், நினைவு தப்பிவிடுகிறது. இதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். அதற்கு நான்கு மாதம் முன்பு, சிறையிலிருந்து வந்த மகனைப் பார்க்கப் புறப்பட்ட தாய் வழியிலேயே இறந்துபோனார். படத்தில் தளபதியாக நடிக்கும் சோய் மின் சிக் அந்த முதல் பாதியில் இருமலோடும் இரத்த வாந்தியோடும் உட்கார்ந்திருப்பது வெறும் நடிப்புக் கணக்கு இல்லை.

4. கடைசிவரிசை

அண்ணா, நாட்குறிப்பு உயர்வானது என்றே வைத்துக்கொள்வோம். அதை அப்படியே படமாக்கினால் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

5. பழையஏடு

போர் நாள் பக்கத்தை மட்டும் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

எதிரிக் கப்பல்கள் நீரிணைக்குள் நுழைகின்றன. தளபதியின் கப்பல் முன்னால் போய் நங்கூரம் போட்டு நிற்கிறது. திரும்பிப் பார்க்கிறார். மற்றக் கப்பல்கள் பின்வாங்கித் தூரத்தில் மிதக்கின்றன. வலது கடற்படைத் தளபதியின் கப்பல் இன்னும் தொலைவில், கண்ணுக்கே சிறிதாகத் தெரிகிறது. தன் கப்பலில் இருப்பவர்களின் முகமெல்லாம் வெளுத்திருக்கிறது. அவர்களைத் தேற்றுகிறார். கப்பலைத் திருப்பிப் போய் மற்றவர்களைத் திட்டலாம் என்றால், தான் திரும்பினால் எதிரி பாய்ந்துவிடுவான். நிற்கவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. கொடி ஏற்றி அழைக்கிறார். கிம் உங் ஹாமின் கப்பல் மெல்ல வருகிறது. அதற்கு முன் ஆன் வியின் கப்பல் வந்து சேர்கிறது. கப்பல் ஓரத்தில் நின்று கத்துகிறார்: “ஆன் வி! இராணுவச் சட்டத்தில் சாக ஆசையா? ஓடிப்போனால் எங்கே போய் வாழ்வாய்?”

எதிரியிடம் அவர் ஒரு வசனமும் பேசவில்லை. அன்றைக்கு அவர் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் தன் ஆட்களிடம்தான். படம் இந்தத் தனிமையைக் காட்டுகிறது, மறுக்கவில்லை. ஆனால் சீக்கிரமே பொறுமை இழந்து எதிரிகளைக் கப்பலுக்குள் ஏற்றிவிடுகிறது, வாள் சண்டை தொடங்கிவிடுகிறது. நாட்குறிப்பில் எதிரிகள் எறும்புபோல் மொய்த்து ஏற முயன்றது ஆன் வியின் கப்பலில். தளபதியின் கப்பல் தளத்தில் வாள் சண்டை நடந்ததாக அதில் இல்லை.

6. உப்புக்காற்று

பதினான்கு ஆண்டுகள் சரக்குக் கப்பலில் இருந்துவிட்டுக் கரைக்கு வந்தவன். கத்தியைப் பற்றி உங்கள் சண்டை நடக்கட்டும், நான் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன்.

மியோங்னியாங்கின் இன்னொரு பெயரான உல்டோல்மொக் நீரிணை, ஜிந்தோ தீவுக்கும் ஹேநாம் கரைக்கும் நடுவில் இருக்கிறது. குறுகிய இடத்தில் அகலம் முந்நூறு மீட்டர் அளவுதான். ஓட்டம் உச்சத்தில் மணிக்குப் பத்து கடல் மைலைத் தாண்டும். துடுப்புப் போட்டுச் செல்லும் கப்பல் அதை எதிர்த்து நகரவே நகராது. நாங்கள் இயந்திரக் கப்பலிலேயே இப்படிப்பட்ட இடங்களில் ஓதம் (கடல் ஏற்ற இறக்கம்) அடங்கும் வேளைக்காகக் காத்திருந்துதான் நுழைவோம். பெயரே ‘அழுது சுழலும் கழுத்து’ என்பதுபோல் பொருள் தருவது. பாறையில் மோதித் திரும்பும் தண்ணீர் அப்படி ஓலமிடும்.

போர் நடந்த நாளைக் கவனியுங்கள். சந்திரக் கணக்கில் 16. அதாவது பௌர்ணமியை ஒட்டிய நாள். மாதத்தில் ஓதம் மிக வலுவாக இருக்கும் நேரம். காலையில் ஓட்டம் வடமேற்காகப் போகிறது. தென்கிழக்கிலிருந்து வரும் ஜப்பானியக் கப்பல்களுக்கு அது பின்னாலிருந்து தள்ளும் கை. சில மணி நேரத்தில் ஓட்டம் திரும்புகிறது. அந்த நெரிசலில் முன்னால் போன கப்பல் பின்னால் வருவதன் மேல் மோதும். 133 கப்பலும் ஒரே நேரத்தில் உள்ளே வரவே இடமில்லை. ‘ஒருவன் இடுக்கில் நின்றால் ஆயிரம் பேரை அச்சுறுத்தலாம்’ என்று யி சுன் சின் முந்தின நாள் சொன்னது வீர வசனம் இல்லை, இடத்தை அளந்து பார்த்தவனின் பேச்சு.

படம் இதற்கு மேல் ஒரு பெரிய சுழலையும் சேர்த்துக்கொள்கிறது. அந்த இடத்தில் சுழிகள் உண்டு. கப்பலையே விழுங்கும் கிணறு மாதிரி ஒன்று, அது கணினி செய்த வேலை. எனக்குச் சிரிப்பு வந்தது. மனைவி முறைத்தாள்.

7. தெப்பக்காரன்

நீரிணையின் குறுக்கே இரும்புச் சங்கிலி கட்டிக் கப்பல்களைக் கவிழ்த்தார் என்று எங்கோ படித்தேனே?

8. பழையஏடு

ஊரில் வழங்கும் கதை. நாட்குறிப்பில் சங்கிலியே கிடையாது. பெண்கள் கைகோத்து வட்டமாக ஆடும் கங்காங்சுல்லே ஆட்டத்தையும் அவரோடு சேர்த்துச் சொல்வார்கள்: மலைமேல் பெண்களை ஆடவிட்டுப் பெரும்படை இருப்பதாக எதிரியை நம்பவைத்தாராம். ஜெயித்தவனைச் சுற்றிக் கதை வளர்வது எங்கும் உள்ளதுதான்.

9. செவ்வந்தி

நான் கொரியாவில் வேலை பார்க்கிறேன். சென்ற ஆண்டு விடுமுறையில் அந்த நீரிணைக்குப் போயிருந்தேன். இரண்டு கரைகளையும் ஜிந்தோ பாலம் இணைக்கிறது. பாலத்தின் மேல் வாகன இரைச்சலையும் மீறித் தண்ணீரின் சத்தம் கேட்டது. உப்புக்காற்று ஐயா சொன்ன அந்த ஓலம் உண்மைதான்.

ஜிந்தோ பக்கம் யி சுன் சின்னுக்கு வானுயர ஒரு சிலை இருக்கிறது. எனக்குப் பிடித்தது ஹேநாம் பக்கத்துச் சிலை. ஆள் உயரம்தான். கையில் வாள் இல்லை, வரைபடம் இருக்கிறது. கடலோரப் பாறைமேல் நிற்கிறார்; ஓதம் ஏறும்போது காலடி நனைகிறது. சியோல் நகர நடுவில், குவாங்வாமுனில், வாளோடு நிற்பவரை நாள்தோறும் பார்த்துப் பழகியவளுக்கு இது வேறு மனிதராகத் தெரிந்தது. இங்கே 100 வொன் நாணயத்திலும் அவர் முகம்தான். காய்கறிக் கடையில் சில்லறையாகத் திரும்பி வருவார்.

இன்னொன்று. படம் வந்த காலத்தை மறந்துவிட்டுப் பேச முடியாது. அந்த ஆண்டு ஏப்ரல் 16 அன்று செவோல் கப்பல் மூழ்கியது இதே ஜிந்தோவின் கடலில்தான். 304 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பள்ளி மாணவர்கள். அவர்களை அறைக்குள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டுக் கப்பல் தலைவர் வெளியேறிவிட்டார். மூன்றரை மாதம் கழித்து இந்தப் படம் வருகிறது. எல்லோரும் பின்வாங்கிய பிறகும் கப்பலை விட்டு நகராத ஒருவர். “தளபதியின் கடமை விசுவாசம், அந்த விசுவாசம் மக்களை நோக்கியது” என்று மகனிடம் அவர் சொல்லும் காட்சியில் அரங்கில் அழுதார்கள் என்று என் அலுவலகத் தோழி சொன்னாள். படம் அதற்கு முன்பே எடுத்து முடிக்கப்பட்டது. அதை நினைத்து எழுதிய வசனம் இல்லை. பார்த்தவர்கள் அதை வைத்துத்தான் கேட்டார்கள்.

10. கடைசிவரிசை

இது தெரியாமல் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். முதல் பாதியை மறுபடி பார்க்கிறேன்.

11. நேர்வாளன்

எல்லோரும் உருகுகிறீர்கள். ஒருவராவது எதிர்ப்பக்கம் பேச வேண்டாமா?

ஒன்று, வெளியான நாட்களில் இந்தப் படம் 1,500-க்கும் மேற்பட்ட திரைகளைப் பிடித்துக்கொண்டது. ஊரில் உள்ள கடை முழுக்க ஒரே அரிசியை அடுக்கிவிட்டு, மக்கள் இதைத்தான் விரும்பி வாங்கினார்கள் என்றால் என்ன பொருள்? 12 நாளில் ஒரு கோடி பேர் என்ற பெருமையில் இதுவும் சேர்ந்தே இருக்கிறது. அதைக் கொரியாவிலேயே அப்போது கண்டித்தார்கள்.

இரண்டு, ஜப்பானியத் தளபதிகள். குருஷிமாவாக வரும் ரியூ சுங் ரியோங் நல்ல நடிகர். அவருக்குக் கண்ணில் மை தீட்டிப் பொம்மை ஆக்கிவிட்டார்கள்.

மூன்று, இதுதான் என்னால் மன்னிக்க முடியாதது: கொரியக் கடற்படைத் தளபதிகளில் ஒருவரான பே சோல். படத்தில் அவர் ஆமைக் கப்பலை (ஆமை ஓடுபோல் மேலே கூரை போட்ட போர்க்கப்பல்) கொளுத்துகிறார், தளபதியைக் கொல்ல முயல்கிறார், தப்பி ஓடும்போது அம்பு பட்டுச் சாகிறார். மூன்றும் நடக்காதவை.

12. கடைசிவரிசை

கோழை ஓடினான். ஓடியவனைக் கொஞ்சம் கூட்டிக் காட்டினார்கள். இதற்கு இவ்வளவு கண்ணீரா? துரோகிக்கு வக்காலத்து வாங்க வந்துவிட்டீர்களா நேர்வாளரே, உங்களுக்கு வேறு

13. மட்டுறுத்துநர்

கடைசிவரிசை, மேலே உள்ள பதிவின் பின்பாதியை வெட்டியிருக்கிறேன். 1597-ஐப் பற்றி எவ்வளவு காரமாக வேண்டுமானாலும் பேசலாம். எதிரே இருப்பவரைப் பற்றி வேண்டாம்.

14. பழையஏடு

இதில் நேர்வாளன் சொல்வது சரி. சில்சோல்யாங் தோல்வியில் பே சோல் தன் கப்பல்களோடு விலகிப் போனார். கோழைத்தனம் என்று சொல்லலாம், முன்யோசனை என்றும் சொல்லலாம். ஆனால் ‘எனக்கு இன்னும் பன்னிரண்டு கப்பல்கள் இருக்கின்றன’ என்று யி சுன் சின் அரசருக்கு எழுதினாரே, உலகமே மேற்கோள் காட்டும் வரி, அந்தப் பன்னிரண்டு மிஞ்சியது பே சோல் விலகியதால்தான். போருக்கு இரண்டு வாரம் முன்னால் அவர் ஓடிப்போனார், அது நாட்குறிப்பிலேயே இருக்கிறது. 1599-இல் பிடித்துத் தலையை வெட்டினார்கள். பிறகு இறந்தவருக்கே மன்னிப்பும் வழங்கினார்கள். ஆமைக் கப்பல்கள் சில்சோல்யாங்கிலேயே போய்விட்டன. மியோங்னியாங்கில் கொளுத்துவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

படம் ஓடிக்கொண்டிருந்தபோதே பே சோலின் வழிவந்தவர்கள் அவதூறு என்று காவல்துறையில் புகார் கொடுத்தார்கள். நானூறு ஆண்டுக்கு முந்தைய தாத்தாவுக்காகவா என்று சிரிக்கலாம். குலப் பதிவேட்டை இன்னும் பூட்டி வைத்துக் காப்பாற்றும் குடும்பங்கள் அவை. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைப் பார்த்து ‘உன் தாத்தாதானே கப்பலைக் கொளுத்தியவர்’ என்று ஒருவன் கேட்டால் போதும்.

எனக்கு இதில் உள்ள வருத்தம் வேறு. பயந்து ஓடிய மனிதனை வில்லனாக்கியதால் படம் தன் கருவையே கெடுத்துக்கொண்டது. பயத்தைத் துணிவாக மாற்ற முடியுமா என்பதுதானே முதல் பாதி முழுவதும் கேட்கும் கேள்வி? அந்தப் பயத்தின் நேர்மையான முகம் பே சோல்தான். அவரைச் சதிகாரனாக்கிவிட்டால் கேள்வி எளிதாகிவிடுகிறது.

15. நேர்வாளன்

இதைத்தான் நான் சொல்ல வந்தேன், எனக்கு இவ்வளவு அழகாக வரவில்லை.

16. உப்புக்காற்று

கப்பல்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஜோசோன், அதாவது அன்றைய கொரிய அரசின் போர்க்கப்பல் பானொக்சொன். அடிப்பாகம் தட்டையானது. வேகம் குறைவு, ஆனால் நின்ற இடத்திலேயே திரும்பும். பைன் மரம், கனமான பலகை, மர ஆணிகள். இரண்டு தளம்: துடுப்புப் போடுபவர்கள் கீழே மறைவாக, சண்டை போடுபவர்கள் மேலே உயரத்தில். அதிலிருந்து பீரங்கி. பீரங்கிகளுக்குப் பெயர் வானம், பூமி, கறுப்பு, மஞ்சள் என்று வரிசையாக இருக்கும். சீன எழுத்துப் பயிலும் பிள்ளைகளின் ஆயிரம் எழுத்துப் பாடத்தில் முதல் நான்கு எழுத்துகள் அவைதாம். நம் ஊரில் அ, ஆ, இ, ஈ என்று பீரங்கிக்குப் பெயர் வைத்ததுபோல்.

ஜப்பானியக் கப்பல் அடியில் கூரானது, இலேசானது, வேகமானது. பீரங்கி குறைவு. துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே நெருங்கிப் பக்கத்தில் ஒட்டி, தாவி ஏறி வாளால் தீர்ப்பது அவர்கள் வழக்கம். ஆகவே யி சுன் சின்னுக்கு இருந்த ஒரே வேலை நெருங்க விடாமல் தள்ளி நின்று அடிப்பது. படத்தில் அவர் கப்பலிலேயே வாள் சண்டை என்றால், எதிரி விரும்பிய சண்டையைத் தளபதி போட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். பழையஏடு சொன்ன குறையைத் தொழில்முறையில் சொல்கிறேன், அவ்வளவுதான்.

17. கடைசிவரிசை

சரி, தோற்றேன். ஆனால் ஒரு காட்சியை மட்டும் விட்டுத்தரமாட்டேன்.

சண்டை முடிந்து துடுப்புத் தளத்தில் எல்லோரும் கரியும் வியர்வையுமாக விழுந்து கிடக்கிறார்கள். ஒருவன் கேட்கிறான்: நாம் பட்ட பாட்டை நம் பிள்ளைகளின் பிள்ளைகள் அறிவார்களா? இன்னொருவன் கெட்ட வார்த்தையில் பதில் சொல்கிறான்: தெரியாவிட்டால் அப்பன் பெயர் தெரியாத பயல்கள் என்று. அரங்கமே சிரித்திருக்கும், அடுத்த நொடி அடங்கியிருக்கும். மேல்தளத்தில் வாள் சுற்றியவனை மறந்துவிடலாம். கீழே இருட்டில், எந்தப் பக்கம் எதிரி என்றுகூடத் தெரியாமல் கொட்டுச் சத்தத்துக்குத் துடுப்பு இழுத்தவனைப் படம் மறக்கவில்லை. சுழலில் மாட்டிய கப்பலை மீனவர்கள் படகில் வந்து கயிறு போட்டு இழுக்கும் இடமும் அப்படித்தான். வரலாற்றில் இல்லை, தெரியும். இருக்கட்டும்.

18. செவ்வந்தி

நாட்குறிப்பின் போர் நாள் பக்கம் ‘இது உண்மையில் வானத்தின் அருள்’ என்ற பொருளில் முடிகிறது. படத்தில் மகன் அதையே பிடித்துக்கொண்டு கேட்கிறான்: வானத்தின் அருள் என்றது சுழலையா, கயிறு போட்டு இழுத்த மக்களையா? தந்தை நேராகப் பதில் சொல்வதில்லை. கடைசிவரிசை சொன்ன மீனவர் காட்சி அந்த ஒற்றைக் கேள்விக்காக எழுதப்பட்டது என்றுதான் நினைக்கிறேன்.

19. தெப்பக்காரன்

மூன்று நாளாக நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்போடு உட்கார்ந்திருக்கிறேன். கடைசிவரிசை, உங்களுக்காக ஒன்று எடுத்து வந்தேன்.

போர் நாள் பதிவில் தன் கப்பலில் செத்தவர்களைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார். இருவர். ஒருவர் கிம் தாக், சுன்சோனின் குதிரை மேய்ச்சல் நிலங்களைக் கவனித்த அதிகாரி. இன்னொருவர் கியேசெங், கடற்படைத் தளத்தின் அடிமை. அதிகாரியும் அடிமையும் ஒரே வரியில். காயம் பட்டவர்கள் பெயரும் அடுத்து வருகிறது. அத்தனை பெரிய போர் முடிந்த இரவில், எதிரிக்கு அஞ்சி இன்னும் பாதுகாப்பான தீவுக்குக் கப்பல்களை நகர்த்திவிட்டு (ஆம், வெற்றிக்குப் பிறகும் அங்கே நிற்கவில்லை, 13 கப்பல் 13 கப்பல்தான்) அவர் உட்கார்ந்து எழுதிய கணக்கில் ஓர் அடிமையின் பெயர் விடுபடவில்லை.

20. பழையஏடு

அப்படியே ஒரு மாதம் தள்ளிப் படியுங்கள். பத்தாம் மாதம் 14.

வீட்டிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. பிரிக்கும் முன்பே உடம்பு நடுங்குகிறது என்று எழுதுகிறார். மேலுறையைக் கிழித்தால், இரண்டாம் மகனின் கையெழுத்தில் வெளியே ‘ஓலம்’ என்ற பொருள்தரும் இரண்டு எழுத்துகள். உள்ளே படிக்காமலேயே தெரிந்துவிட்டது: கடைக்குட்டி மியொன் ஆசான் என்ற ஊரில் ஜப்பானியர் கையில் இறந்துவிட்டான். நான் செத்து நீ வாழ்வதுதானே முறை, நீ செத்து நான் வாழ்கிறேனே என்று போகிறது அந்தப் பதிவு.

இரண்டு நாள் கழித்து இன்னொரு வரி. பாளையத்தில் வீரர்களுக்கு நடுவே தளபதியால் வாய்விட்டு அழ முடியவில்லை. ஆகவே காங் மாக் ஜி என்ற உப்புக் காய்ச்சுபவனின் வீட்டுக்குப் போனார்.

21. கடைசிவரிசை

அழவா?

22. பழையஏடு

அழத்தான்.

23. உப்புக்காற்று

இதை ஏன் எடுக்கவில்லை?

24. செவ்வந்தி

இந்தப் படத்தில் இல்லை ஐயா. இதே இயக்குநர் பிறகு இரண்டு படம் எடுத்தார். 2022-இல் ஹான்சான் போர், பார்க் ஹே இல் நடித்தார். 2023-இல் நோர்யாங், கிம் யூன் சோக். வரலாற்று வரிசையில் பார்ப்பதானால் ஹான்சான் 1592, மியோங்னியாங் 1597, நோர்யாங் 1598. மூன்றாவதில் மியொனின் சாவு தந்தையைத் துரத்திக்கொண்டே வருகிறது. அதைப் பார்த்துவிட்டு வாருங்கள், உப்புக் காய்ச்சுபவனின் வீடு இருக்கிறதா என்று நான் இப்போதே சொல்லமாட்டேன்.

25. கடைசிவரிசை

இன்றிரவு ஹான்சானிலிருந்து தொடங்குகிறேன். தேநீரை முன்பே போட்டு வைத்துவிடுகிறேன்.